ஷாம்பெய்ன் கிராமத்துக்கே போய் பாட்டில் வாங்குவது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஊரிலிருந்து வந்திருந்த அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு ஒரு செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை பாரிஸிலிருந்து, ஷாம்பெய்ன் என்ற நுரைக்கும் ஒயினைச் செய்யும் பகுதியில் உள்ள எபர்னே ஊருக்குக் கிளம்பினோம். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. திராட்சைத் தோட்டக்காரர் வீடுதானே, போய்க் கதவைத் தட்டினால் திறப்பார்கள் என்று நினைத்தேன். நான்கு கிராமம் சுற்றினோம், ஒரு கதவும் திறக்கவில்லை. தெருவெல்லாம் திராட்சைப் பெட்டி ஏற்றிய டிராக்டர்கள்தான் போய்க்கொண்டிருந்தன. அறுவடை நேரத்தில் விருந்தாளியை உட்காரவைத்து ஊற்றிக் கொடுக்க அவர்களுக்கு ஏது நேரம்? கடைசியில் எபர்னே கடையில் ஒரு பெரிய கம்பெனி பாட்டிலைக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

அதற்குப் பிறகு ஐந்து முறை போய் வந்துவிட்டேன். சொந்தத் தோட்டத்துத் திராட்சையைத் தாங்களே பிழிந்து, தங்கள் நிலவறையிலேயே நுரைக்க வைத்து, தங்கள் பெயரிலேயே விற்கும் குடும்பங்கள் இந்தப் பகுதியில் நிறைய இருக்கின்றன. அவர்கள் வீட்டு வாசலில் வாங்கும் பாட்டிலில் காசுக்கு ஏற்ற சரக்கு இருக்கிறது, அதைச் செய்தவரிடமே கேள்வியும் கேட்கலாம். ஆனால் போகிற முறை தெரிந்து போக வேண்டும். எங்களுக்கு நேர்ந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்தப் பக்கம் போவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஷாம்பெய்ன் என்பது ஒரே ஊர் இல்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் நாள் முழுக்கச் சாலையிலேயே போய்விடும். சுவையை வைத்துப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எபர்னேக்குத் தெற்கே உள்ள அவீஸ், க்ராமான், ஓஜே கிராமங்களில் பெரும்பாலும் ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சை. ஒயின் மெலிதாக, எலுமிச்சைப் புளிப்போடு இருக்கும். ரான்ஸ் நகரத்தை ஒட்டிய மலைப்பகுதியில் பூஸி, அம்பொனே, வெர்ஸெனே போன்ற ஊர்கள் பினோ நுவார் என்ற கருந்திராட்சைக்குப் பெயர்போனவை. இது கொஞ்சம் கனமான சுவை. சாப்பாட்டோடு குடிக்க எனக்கு இதுதான் பிடிக்கும், வறுத்த கோழிக்கு அருமையாகப் பொருந்தும். மார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மெனியே என்ற இன்னொரு கருந்திராட்சை அதிகம். பழவாசனை தூக்கலாக இருப்பதால், முதல்முறை குடிப்பவர்களுக்குச் சட்டென்று பிடித்துவிடும்.

தெற்கே த்ருவா பக்கம் கோத் தெ பார் என்று இன்னொரு பகுதி இருக்கிறது. அங்கேயும் நல்ல குடும்பத் தோட்டங்கள் உண்டு. ஆனால் எபர்னேயிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். இரண்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள்.

கார் இல்லாதவர்கள் ரயில் நிலையம் உள்ள கிராமமாகப் பாருங்கள். எபர்னேக்கும் ரான்ஸுக்கும் நடுவே ஓடும் உள்ளூர் ரயில் ஆய், ரிய்யி-லா-மோந்தான்ஞ் ஆகிய ஊர்களில் நிற்கிறது. இரண்டிலும் நிலையத்திலிருந்து நடந்தே தோட்டக்காரர் வீடுகளுக்குப் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு, திரும்பும் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள்.

2. லேபிளில் உள்ள இரண்டு எழுத்தைப் படிக்கப் பழகுங்கள்

மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஷாம்பெய்ன் பாட்டில் லேபிளின் அடியோரத்தில், எறும்பு சைஸில் இரண்டு எழுத்தும் அதன் பின்னால் ஓர் எண்ணும் இருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆர்.எம். என்றால் தன் தோட்டத்துத் திராட்சையில் தானே ஒயின் செய்து விற்பவர். நாம் தேடுவது இதைத்தான். என்.எம். என்றால் திராட்சையை வெளியிலிருந்து வாங்கியும் செய்யும் கம்பெனி. பெரிய பெயர்கள் எல்லாம் இந்த வகை. சி.எம். என்றால் கூட்டுறவுச் சங்கத்தின் ஒயின். எம்.ஏ. என்றால் சூப்பர்மார்க்கெட் மாதிரி யாரோ ஒருவர் தன் பெயரை ஒட்டி விற்பது.

ஏமாற வைப்பது ஆர்.சி. தோட்டக்காரர் திராட்சையைக் கூட்டுறவுக்குக் கொடுப்பார். சங்கம் ஒயின் செய்து திருப்பித் தரும், அதைத் தன் குடும்பப் பெயரில் விற்பார். வாசலில் குடும்பப் பெயர்ப் பலகை, உள்ளே பாட்டி படம், எல்லாம் இருக்கும். ஒயின் மட்டும் அந்த வீட்டில் செய்ததாக இருக்காது. அது சட்டப்படி சரியானதுதான், சில நேரம் குடிக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு குடும்பத்தின் கைப்பக்குவத்தைத் தேடிப் போகிறவர் அதற்குக் காசு கொடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்படக் கூடாது.

ஊருக்குப் போவதற்கு முன்பே அந்தத் தோட்டத்து பாட்டில் படத்தை இணையத்தில் பார்த்து இந்த எழுத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

3. ராந்தெவு (முன்கூட்டியே கேட்டுக் குறித்த நேரம்) இல்லாமல் போகாதீர்கள்

சின்னக் குடும்பத்தில் வரவேற்புக்கு என்று தனி ஆள் கிடையாது. கொடியைக் கவாத்து செய்கிறவரேதான் உங்களுக்கு ஊற்றியும் கொடுப்பார். அதனால் இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே மின்னஞ்சல் போடுங்கள். ஒரு வாரத்தில் பதில் வரவில்லையென்றால் போன் செய்யுங்கள். வயதானவர்கள் நடத்தும் இடங்களில் போனுக்குத்தான் பதில் கிடைக்கும்.

மின்னஞ்சலில் ஐந்து விஷயம் போதும்: தேதி, நேரம், எத்தனை பேர், எந்த மொழி, எத்தனை பாட்டில் வாங்க எண்ணம். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஆறு பாட்டிலாவது வாங்குவேன் என்று எழுதியபோது எனக்குப் பதில் சீக்கிரம் வந்தது. பிரெஞ்சில் எழுதுங்கள், நான்கு வரியானாலும் பரவாயில்லை. பதில் வந்ததும் சுவைத்துப் பார்க்கக் கட்டணம் உண்டா, கார்டு எடுப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டிய நேரங்கள்: ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடியும்வரை அறுவடை. இங்கே திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி, ஆகவே வீட்டில் எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள். ஆகஸ்ட் நடுவில் பலர் விடுமுறையில் போய்விடுவார்கள். ஞாயிறு பெரும்பாலும் மூடல். வேலை நாளிலும் மதியம் 12 முதல் 2 வரை சாப்பாட்டு நேரம், அப்போது மணியடிக்காதீர்கள். எனக்குச் சரியாக அமைந்தவை மார்ச், ஏப்ரல், அக்டோபர் கடைசி, நவம்பர் மாதங்களின் சனிக்கிழமைக் காலைகள்.

ஒரு நாளைக்கு இரண்டு வீடு போதும், காலையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. ஒரு வீட்டில் ஒன்றரை மணி நேரம் ஆகும். மூன்றாவது வீட்டில் நாக்கு மரத்துப்போய், எதைக் குடித்தாலும் ஒரே மாதிரி இருக்கும். போக முடியாமல் போனால் தயவுசெய்து முந்தைய நாளே சொல்லிவிடுங்கள், உங்களுக்காக ஒருவர் தோட்ட வேலையை விட்டுவிட்டுக் காத்திருப்பார்.

4. பயணமும் செலவும்

ரயில் பாரிஸில் கார் து லெஸ்த் என்ற நிலையத்திலிருந்து கிளம்புகிறது. தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பக்கம் இருப்பவர்கள் நடந்தே போய்விடலாம். எபர்னேக்கு உள்ளூர் ரயிலில் ஏறக்குறைய ஒன்றே கால் மணி நேரம். நான் ஒருவழிக்கு 25 யூரோவை ஒட்டிக் கொடுத்தேன், சலுகை அட்டை இருந்தால் குறையும். ரான்ஸுக்கு டி.ஜி.வி. என்ற அதிவேக ரயில் முக்கால் மணி நேரத்தில் போய்விடும். அதற்கு முன்கூட்டி டிக்கெட் எடுத்தால்தான் மலிவு. எபர்னேயிலிருந்து கிராமங்களுக்கு டாக்சி பிடிப்பதென்றால் வரும்போது திரும்பும் வண்டியையும் சேர்த்தே பேசிவிடுங்கள். கிராமத்தில் நின்றுகொண்டு டாக்சி தேடினால் கிடைக்காது.

காரில் போனால் ஏ4 நெடுஞ்சாலை, சுங்கம் உண்டு. ஓட்டுகிறவர் யார் என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். பிரான்ஸில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 0.2 கிராம், அதாவது ஒரு கிளாஸ்கூடக் கூடாது. மாட்டினால் 135 யூரோ அபராதம், லைசென்ஸில் ஆறு புள்ளி போகும். ஓட்டுகிறவர் வாயில் வைத்துச் சுவைத்துவிட்டுத் துப்பலாம், அதற்கென்றே மேசையில் ஒரு பாத்திரம் இருக்கும். அங்கே துப்புவது மரியாதைக் குறைவு இல்லை, தயங்க வேண்டாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பாஸ்போர்ட் அல்லது வதிவிட அட்டை, ஓட்டுகிறவரின் லைசென்ஸ், வங்கி அட்டை, கொஞ்சம் ரொக்கம். சுவைத்துப் பார்க்க நான் போன இடங்களில் ஒன்றும் வாங்காதவர்களும் உண்டு, ஆளுக்கு 10, 20 யூரோ வாங்கியவர்களும் உண்டு. பாட்டில் வாங்கினால் சிலர் அதைக் கழித்துவிடுவார்கள்.

5. நிலவறையில் என்ன பார்ப்பது, என்ன கேட்பது

இறங்கும்போது ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள். கோடையிலும் கீழே 10, 12 டிகிரிதான்.

அவீஸ் பக்கத்தில் ஒரு வீட்டு நிலவறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டு மகன் மரப்பலகையில் தலைகீழாகச் செருகியிருந்த ஒரு பாட்டிலை எடுத்து, பின்னால் டார்ச் வெளிச்சத்தைக் காட்டினான். உள்ளே ஈஸ்ட் வண்டல் பழுப்பாகக் கழுத்தில் இறங்கியிருந்தது. பாட்டிலை லேசாகச் சாய்த்ததும் மெல்லிய புகை மாதிரி மேலே எழும்பியது. பக்கத்தில் மூன்று வாரமாகத் திருப்பி வைத்த பாட்டிலில் அதே வண்டல் மூடியில் கட்டியாக உட்கார்ந்திருந்தது, மேலே உள்ள ஒயின் கண்ணாடி போலத் தெளிவு. அந்தக் கட்டியை வெளியே தள்ளி, அதனால் பாட்டிலில் குறைந்துபோன அளவை ஈடுகட்ட ஒயினும் கொஞ்சம் சர்க்கரையும் ஊற்றி, கார்க் அடிக்கிறார்கள். வண்டல் எடுக்கும் அந்த வேலைக்கு தெகோர்ஜ்மோன் என்று பெயர். இந்தச் சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

நான் எப்போதும் கேட்பது நான்கு கேள்வி.

தெகோர்ஜ்மோன் எப்போது நடந்தது? பல சிறு தோட்டக்காரர்கள் தேதியைப் பின்லேபிளிலேயே போடுகிறார்கள். நேற்று எடுத்த பாட்டில் இன்னும் முரட்டுத்தனமாக இருக்கும், நான்கைந்து மாதம் ஆனது நல்லது.

வண்டலோடு எத்தனை மாதம் படுத்திருந்தது? லேபிளில் அறுவடை வருடம் போடாத, அதாவது பல வருடத்து ஒயினைக் கலந்த ஷாம்பெய்னை விற்பதற்கு முன் மொத்தம் 15 மாதமாவது வைத்திருக்க வேண்டும், அதில் 12 மாதம் வண்டலோடு. வருடம் போட்டதற்கு மூன்று வருடம். நல்ல குடும்பங்கள் இதைவிட அதிகமாகவே வைக்கிறார்கள். ரொட்டி வாசனை, முந்திரி வறுத்த வாசனை எல்லாம் அந்தக் கூடுதல் மாதங்களில்தான் வருகிறது.

எந்த வருடத்து அறுவடை இதில் அதிகம்? வருடம் போடாத பாட்டிலிலும் இதற்குப் பதில் சொல்வார்கள்.

சர்க்கரை எவ்வளவு? இங்கேதான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறோம். புரூத் நாத்யூர் என்றால் சர்க்கரையே சேர்க்காதது. எக்ஸ்ட்ரா புரூத் லிட்டருக்கு 6 கிராம் வரை. புரூத் 12 கிராமுக்குள். எக்ஸ்ட்ரா ட்ரை என்று எழுதியிருப்பது பெயரைப் பார்த்தால் இனிப்பே இல்லாதது போலத் தோன்றும், ஆனால் 12 முதல் 17 கிராம், புரூத்தைவிட இனிப்பு. தெமி-செக் 32 முதல் 50 கிராம். மது பழக்கமில்லாத உறவினர்களுக்குக் கொடுப்பதென்றால் புரூத் நாத்யூர் வாங்கிப் போகாதீர்கள். புளிக்கிறது என்று ஒரு வாயோடு வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு தெமி-செக்கோ, பழவாசனையுள்ள மெனியே புரூத்தோ சரியாக இருக்கும்.

6. விலை, பில், வரி

சாதாரண புரூத் வாசலில் 20 முதல் 30 யூரோ, வருடம் போட்டது 35-லிருந்து 50, சில இடங்களில் அதற்கும் மேல். ஆறு பாட்டில் கொண்ட அட்டைப்பெட்டியாகத்தான் பொதுவாக விற்கிறார்கள். வகை கலந்து ஆறு எடுக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். பேரம் பேசாதீர்கள். 12, 24 என்று எடுக்கும்போது அவர்களே ஒரு பாட்டில் சேர்த்துக் கொடுப்பதுண்டு.

பில் கட்டாயம் வாங்குங்கள். ஒரு வீட்டில் தாயார் சமையலறை மேசையில் உட்கார்ந்து கார்பன் தாள் வைத்த புத்தகத்தில் கையால் எழுதிக் கொடுத்தார். அதுவும் போதும். ஆனால் ஒயின் பெயர், எண்ணிக்கை, விலை, தேதி நான்கும் இருக்கிறதா பாருங்கள். பல பாட்டில்களில் கார்க்கைச் சுற்றிய தாளில் அரசு முத்திரையாக ஒரு பெண் தலை இருக்கும். வரி கட்டிய சரக்கு என்பதற்கு அது அடையாளம். இப்போது இந்த முத்திரை கட்டாயம் இல்லை, ஆனால் வழியில் சோதித்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், பில்லைக் கூடவே வைத்திருங்கள்.

ஊரிலிருந்து வந்த உறவினர் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் கேட்கலாம். அவரே நேரில் வந்து, தன் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்க வேண்டும். கிளம்பும்போது விமான நிலைய இயந்திரத்தில் தாளை ஸ்கேன் செய்ய வேண்டும். பிரான்ஸில் வசிக்கும் நாம் வாங்கிக் கொடுத்தால் கிடையாது. கடைக்காரருக்கு இதைச் செய்து கொடுக்கும் கட்டாயமும் இல்லை. சிறு தோட்டங்களில் பலரிடம் அந்த வசதி இல்லாததால், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

7. ஊருக்கோ லண்டனுக்கோ எடுத்துப்போவது

ஒரு பாட்டில் 1.6 கிலோவை ஒட்டி வரும். உள்ளே ஆறு மடங்கு காற்றழுத்தம் இருப்பதால் கண்ணாடி தடிமன். ஆறு பாட்டில் பெட்டியோடு பத்து கிலோ.

கைப்பையில் எடுத்துப்போக முடியாது, 100 மில்லிக்கு மேல் திரவம் என்று பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். சரக்கில் போடும் பெட்டியில் வையுங்கள். விமானத்தில் வெடிக்குமோ என்ற பயம் வேண்டாம், பயப்பட வேண்டியது அடிபடுவதற்குத்தான். ஒவ்வொரு பாட்டிலையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, கனமான துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில் படுக்க வைத்து, எல்லாப் பக்கமும் துணி அடையுங்கள். பழைய ஜீன்ஸ் கால் இதற்கு மிகவும் நல்லது.

இந்தியாவுக்கு வரியில்லாமல் ஒருவர் 2 லிட்டர் மதுதான் கொண்டுபோகலாம். பாட்டில் 750 மில்லி. இரண்டு பாட்டில் 1.5 லிட்டர். மூன்றாவதை வைத்தால் 2.25 லிட்டர் ஆகிவிடும். நான் மூன்று கொண்டுபோய், பாட்டில் விலையை மீறிய வரி கட்டினேன். மீதி இடத்துக்கு 375 மில்லி அரை பாட்டில் ஒன்று கேட்டு வாங்குங்கள், 1.875 லிட்டரோடு நின்றுவிடும். வழியில் விமான நிலையக் கடையில் விஸ்கி வாங்கினாலும் அதே 2 லிட்டரில்தான் சேரும். வளைகுடா வழியாகப் போகிறவர்கள், நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிய டிக்கெட்டா என்று பாருங்கள். குவைத் மாதிரி மதுவுக்குத் தடையுள்ள நாட்டில் பெட்டியோடு வெளியே வந்தால் பெரிய சிக்கல்.

லண்டனுக்குக் காரில் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. ஒயினுக்கு ஆளுக்கு 18 லிட்டர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது நுரைக்காத ஒயினுக்கு மட்டும். நுரைக்கும் ஒயினுக்கு 9 லிட்டர்தான், அதாவது சரியாக 12 பாட்டில், இரண்டு அட்டைப்பெட்டி. அதோடு பிராந்தி, விஸ்கியும் எடுத்தால் இந்த அளவு குறையும். மீறினால் கூடுதலுக்கு மட்டும் இல்லை, அந்த வகையில் கொண்டுவந்த எல்லாவற்றுக்கும் வரி கேட்பார்கள். பில்லைக் கையில் எடுக்கும் இடத்தில் வையுங்கள்.

கோடையில் பாட்டிலைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஒரு மதியச் சூட்டில் ஒயின் கெட்டுவிடும். அன்றைய கடைசி நிறுத்தமாக வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வாருங்கள்.

8. வீட்டில் வைப்பதும் திறப்பதும்

வெளிச்சம் படாத, சூடு ஏறாத இடம் போதும். சமையலறை அலமாரி வேண்டாம். ஊரில் என்றால் வெயில் காலத்துக்கு முன்பே குடித்துவிடுங்கள்.

குடிக்கும் அன்று, பாதி ஐஸ் பாதி தண்ணீர் உள்ள பாத்திரத்தில் அரை மணி நேரம் வையுங்கள். அப்புறம் தாளை உரித்து, கம்பி வளையத்தை ஆறு அரைச் சுற்றுத் திருப்பினால் தளரும். அப்போதிலிருந்து கட்டைவிரலை கார்க் மேலிருந்து எடுக்கக் கூடாது. பாட்டிலைச் சாய்த்து, யார் முகத்துக்கும் நேராக இல்லாமல் பிடித்து, கார்க்கை அசைக்காமல் பாட்டிலை மெல்லத் திருப்புங்கள். சத்தமில்லாமல் ஒரு பெருமூச்சுபோல வெளிவரும். டப் என்று வெடிக்க வைத்தால் நுரையோடு பாதி ஒயின் தரையில் போகும்.

9. கிராமத்துக்குப் போக முடியாதவர்களுக்கு

நவம்பர் கடைசியில் பாரிஸ் போர்ட் து வெர்சாய் அரங்கில் சுதந்திரத் தோட்டக்காரர்களின் ஒயின் சந்தை நடக்கிறது. பீப்பாயைத் தோளில் சுமக்கும் மனிதன்தான் அவர்களின் சின்னம். ஷாம்பெய்ன் குடும்பங்கள் பல அங்கே மேசை போட்டுத் தாங்களே ஊற்றிக் கொடுக்கிறார்கள். ஏற்கனவே ஒரு தோட்டக்காரரிடம் வாங்கியிருந்தால், அக்டோபரில் அவருக்கு ஒரு வரி எழுதி நுழைவு அழைப்பு கேளுங்கள், பெரும்பாலும் இலவசமாக அனுப்பி வைப்பார்கள். கடைசி நாள் மதியம் போகாதீர்கள், நல்ல சரக்கு தீர்ந்திருக்கும். முதல் நாள் காலையில், மடக்கும் கைவண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போங்கள். இரண்டு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெட்ரோ படி ஏறுவது கஷ்டம்.